விரல் மடங்கும் கணக்கு

இந்த உரையைக் கேட்டுக்கொண்டே உங்கள் வலக்கையை மேசைமீது கவிழ்த்து வையுங்கள். வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் வீடு சேர்ந்த பிறகு செய்து பார்க்கலாம். நடுவிரலை மட்டும் உள்ளங்கைக்கு அடியில் மடித்துக்கொள்ளுங்கள். மற்ற நான்கு விரல்களின் நுனிகளும் மேசையைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும். இப்போது ஆட்காட்டி விரலைத் தூக்குங்கள், எழும்புகிறது. சுண்டுவிரலும் எழும்பும். மோதிர விரலைத் தூக்கிப் பாருங்கள். ஆணி அடித்து வைத்தாற்போல் அசைய மறுக்கிறது அல்லவா? உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை. எல்லார் கையும் ஏறக்குறைய இப்படித்தான். புறங்கையில் ஓடுகின்ற தசைநாண்கள் ஒன்றோடொன்று குறுக்கு நார்களால் கட்டப்பட்டிருக்கின்றன. நடுவிரலை மடக்கியதும் அந்தக் கட்டு இறுகி, பக்கத்து விரலைப் பிடித்துக்கொள்கிறது.

இன்னொன்றும் செய்து பாருங்கள். இடக்கையால் வலது முன்னங்கையின் சதைப்பகுதியைப் பற்றிக்கொண்டு விரல்களை மடக்கி நீட்டுங்கள். விரல் அசையும்போது முன்னங்கைச் சதை புரள்வது தெரியும். விரலை மடக்கும் பெரிய தசைகள் விரலில் இல்லை. முழங்கைக்கு அருகிலிருந்து தொடங்குகின்றன. அங்கிருந்து நீண்ட கயிறுகளைப் போலத் தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல் எலும்புகளைப் போய்ப் பற்றுகின்றன. பொம்மலாட்டக்காரர் மேலே நின்று நூலை இழுக்க, கீழே பொம்மை கையசைக்கிறதே, அந்த ஏற்பாடுதான்.

ஒரு கையில் 27 எலும்புகள் உள்ளன. அவற்றுள் 14 விரல்களுக்கு உரியவை: கட்டை விரலுக்கு இரண்டு, மற்ற நான்குக்கும் மும்மூன்று. ஆகவே அந்த நான்கு விரல்களுக்கும் மூன்று மூன்று கணுக்கள். இந்த உரையில் அவற்றை அடிக்கணு, நடுக்கணு, நுனிக்கணு என்று அழைப்போம். நலமான விரலில் அடிக்கணு ஏறத்தாழ 90 பாகை மடங்கும். நடுக்கணு 100 பாகையும் அதற்குச் சற்று மேலும் மடங்கும். நுனிக்கணு 70 அல்லது 80 பாகை. பள்ளிக்கூடத்தில் பாகைமானி வைத்துக் கோணம் அளந்தோமே, அதே பாகைதான்.

"விரல் எத்தனை பாகை மடங்கினால் யாருக்கு என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். நான் மருத்துவமனையின் மறுவாழ்வுப் பிரிவில் வேலை பழகத் தொடங்கிய நாட்களில், என் மனத்திலும் அந்த எண்ணம் ஓரளவு இருந்தது. அதை மாற்றியவர் ஓர் அக்கா. வீட்டிலிருந்தே ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்னதாகவே அவர் வீட்டு வரவேற்பறை துணிப்பைகளால் நிறைந்துவிடுமாம். ஒருநாள் கண்ணாடித் தம்ளர் ஒன்றைக் கழுவிக்கொண்டிருக்கையில் அது கைக்குள்ளேயே உடைந்தது. வலக்கை நடுவிரலின் அடிப்பகுதியில் ஒரு வெட்டு. காயம் பார்வைக்குச் சிறியதுதான். ஆனால் விரலை மடக்கும் இரண்டு தசைநாண்களும் அறுந்துவிட்டன.

அந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உள்ளங்கையின் மேல் ரேகைக்கும் விரலின் நடு எலும்புக்கும் இடைப்பட்ட பகுதியில், இரண்டு தசைநாண்களும் ஒரே குறுகிய உறைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு ஓடுகின்றன. அங்கே அறுபட்டதைத் தைத்தால் தையலோடு உறையும் ஒட்டிக்கொள்ளும். பிறகு நாண் வழுக்கி ஓடாது. அமெரிக்க அறுவை மருத்துவர் ஸ்டெர்லிங் பன்னல் இந்தப் பகுதிக்கு 'யாருக்கும் உரிமையற்ற நிலம்' என்ற பொருளில் ஒரு பெயரே வைத்தார். இரண்டு படைகளுக்கு நடுவே கிடக்கின்ற, கால் வைத்தால் உயிர் போகின்ற போர்க்களத்து நிலத்திற்கு வழங்கிய பெயர் அது. நெடுங்காலம் அங்கே உடனடியாகத் தைக்கவே அஞ்சினார்கள். 1960களில் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் ஹரால்டு கிளைனெர்ட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும், உடனே தைத்து, தைத்த விரலைக் கட்டுப்பாட்டோடு உடனே அசைக்கவும் தொடங்கினால் நல்ல பலன் கிடைக்கும் என்று காட்டிய பிறகுதான் அந்த அச்சம் குறைந்தது.

ஆக, தைத்த விரலை அசைக்காமல் விட்டால் ஒட்டிக்கொள்ளும். மிகையாக அசைத்தால் தையல் அறுந்துபோகும். இந்த இரண்டுக்கும் நடுவே நோயாளியை வாரக்கணக்கில் நடத்திச் செல்ல வேண்டும். கையில் இருக்கும் ஒரே விளக்கு, அந்தப் பாகைக் கணக்கு.

அதை அளக்க நாங்கள் பயன்படுத்துவது கோணமானி. இரண்டு சிறு தகடுகளை ஓர் ஆணியில் பிணைத்து, பாகைக் கோடுகள் பொறித்திருப்பார்கள். கணுவின் மேல் ஆணி வருமாறு வைத்து, ஒரு தகட்டை முன் எலும்பின் மீதும் மற்றதைப் பின் எலும்பின் மீதும் படியச் செய்து, எண்ணைப் படிக்க வேண்டும். அக்காவின் விரலை நான் அளந்தபோது நடுக்கணு 70 பாகை மடங்கியது, நுனிக்கணு 35. நீட்டும்போது நடுக்கணு முழுதும் நிமிராமல் 10 பாகை குறைந்து நின்றது. ஸ்டிரிக்லண்ட் என்ற கை அறுவை மருத்துவர் 1980இல் தம் சக ஆய்வாளருடன் வெளியிட்ட ஒரு கணக்கு முறை உண்டு. இரண்டு கணுக்களும் மடங்கும் பாகைகளைக் கூட்டி, நிமிராத பாகைகளைக் கழித்து, மீதியை 175ஆல் வகுத்து விழுக்காடாக்க வேண்டும். 70உம் 35உம் 105. அதில் 10 போக 95. விழுக்காட்டில் 54. அந்த அட்டவணையில் 50க்கு மேல் 'ஓரளவு', 70க்கு மேல் 'நன்று', 85க்கு மேல் 'மிக நன்று'. 50க்குக் கீழே 'மோசம்'.

மறு வாரம் எனக்கு விடுப்பு. வேறொருவர் அளந்தார். நடுக்கணு 64, நுனிக்கணு 31, நிமிராதது 15. கூட்டிக் கழித்தால் 80, விழுக்காட்டில் 46. அட்டையில் 'மோசம்' என்று எழுதப்பட்டது.

அதற்கடுத்த வாரம் வந்த அக்கா கையை மேசைமீது வைக்கவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டு, "ஏன் தம்பி, பயிற்சி செஞ்சும் கொறஞ்சிதான் போச்சாமே? அப்புறம் எதுக்கு வலிக்க வலிக்க மடக்கணும்?" என்றார். ஒரு வாரமாகப் பயிற்சியை நிறுத்திவிட்டார். ஒட்டிக்கொள்ளும் விரலுக்கு ஒரு வாரம் என்பது சிறிய காலமன்று.

அட்டையை எடுத்து ஒவ்வோர் எண்ணாகப் பார்த்தேன். வேறுபாடு 6 பாகை, 4 பாகை, 5 பாகை. கோணமானியால் விரலை அளக்கும்போது ஒரே ஆள் அளந்தாலும் ஏறத்தாழ 5 பாகை முன்பின் இருக்கும் என்பது இத்துறையில் எல்லாரும் அறிந்தது. ஆள் மாறினால் வேறுபாடு இன்னும் கூடும். அதாவது அந்த மூன்று எண்களில் ஒன்றைக்கூடத் தவறு என்று சொல்ல முடியாது. மூன்றும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, கூட்டலில் சேர்ந்து, ஒரு பெண்ணை 'ஓரளவி'லிருந்து 'மோசத்'திற்குத் தள்ளிவிட்டன. அவர் விரல் அந்த வாரத்தில் உண்மையிலேயே குறைந்ததா, கூடியதா என்று அந்த அட்டையை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

இந்தத் தடுமாற்றம் எங்கிருந்து வருகிறது? தகட்டை விரலின் முதுகில் வைத்தாரா, பக்கவாட்டில் வைத்தாரா என்பது ஒன்று. வீக்கம் இருந்தால் தகடு படியாது. அதைவிட முக்கியம் மணிக்கட்டு. உங்கள் கையைத் தளர்வாக விட்டுவிட்டு மணிக்கட்டைப் பின்புறமாக வளையுங்கள். விரல்கள் தாமாகவே சுருளும். முன்புறமாக மடக்குங்கள், விரல்கள் தாமாகவே விரியும். நாண்கள் மணிக்கட்டைக் கடந்து ஓடுவதால் வருகின்ற விளைவு அது. அளப்பவர் மணிக்கட்டை எப்படிப் பிடித்தார் என்று எழுதி வைக்காவிட்டால் விரலின் எண்ணுக்குப் பாதிப் பொருள் போய்விடுகிறது. எங்கள் அட்டையில் அதற்கு ஒரு கட்டமே இருக்கவில்லை.

சில மாதங்களுக்குப் பிறகு, ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் விரல் அசைவுகளைக் காமிராக்களால் அளக்கும் பணியில் உதவ எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. ஆங்கிலத்தில் 'மோஷன் கேப்சர்' என்பார்கள். நாம் அசைவுப்பதிவு என்போம். 2014இல் வெளிவந்த 'கோச்சடையான்' படத்தில் ரஜினிகாந்த் அவர்களின் அசைவுகளைப் பதிவு செய்து கணினிச் சித்திரமாக்கியது இந்த வழியில்தான். படத்தை நீங்கள் எப்படி மதிப்பிட்டிருந்தாலும், அந்த நுட்பத்தின் பெயரைத் தமிழ் வீடுகளுக்குக் கொண்டுசேர்த்தது அதுதான்.

ஆனால் நுட்பம் சினிமாவில் பிறந்ததன்று. 1880களில் பாரிஸ் நகரில் எத்தியேன் ஜூல் மாரே என்ற உடலியல் அறிஞர், கறுப்பு உடை அணிந்த மனிதனின் கைகால்களில் வெண்கோடுகளை இட்டு, கறுப்புத் திரைக்கு முன்னே நடக்கவிட்டு, ஒரே தகட்டில் அடுத்தடுத்துப் படம் பிடித்தார். படத்தில் மனிதன் மறைந்து கோடுகள் மட்டும் நின்றன. 1890களில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பிரவுன, ஃபிஷர் என்ற இருவர், ஒளிரும் கண்ணாடிக் குழாய்களை ஆளின் உடலில் கட்டி, பல திசைகளிலிருந்து படம் பிடித்து, நடையை முப்பரிமாணத்தில் கணக்கிட்டார்கள். கணினி இல்லாத காலம். எல்லாம் கையால் போட்ட கணக்கு. விரலுக்கு முதலில் விளக்கு மாட்டியவர்களுள் அமெரிக்காவின் கில்பிரத் தம்பதியினரைச் சொல்ல வேண்டும். 1910களில் பிராங்க் கில்பிரத்தும் லில்லியன் கில்பிரத்தும் தொழிலாளியின் விரலில் ஒரு குட்டி மின்விளக்கைப் பொருத்தி, இருட்டறையில் நீண்ட நேரம் ஒளிபடவிட்டுப் படம் எடுத்தார்கள். கை சென்ற பாதை முழுவதும் ஒளிக் கோடாக விழுந்தது. விளக்கை விட்டுவிட்டு எரியச் செய்தபோது கோடு துண்டு துண்டாகியது. துண்டுகளை எண்ணி நேரத்தையும் அறிந்துகொண்டார்கள்.

1920களில் மாஸ்கோவில் நிக்கொலாய் பெர்ன்ஸ்டைன் செய்த ஆய்வு என் மனத்துக்கு மிகவும் நெருக்கமானது. உளியைச் சுத்தியலால் அடிக்கும் தொழிலாளியின் கையில் விளக்குகளைப் பொருத்திப் பதிவு செய்தார். கைதேர்ந்த தொழிலாளி ஒவ்வோர் அடியையும் ஒன்றுபோல அடிப்பார் என்றுதானே நாம் நினைப்போம்? தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒவ்வொரு முறையும் சற்றே வேறு வழியில் சென்றன. சுத்தியலின் முனை மட்டும் தவறாமல் இலக்கைச் சேர்ந்தது. ஒரு கணு கொஞ்சம் குறைந்தால் மற்றொரு கணு அதை ஈடு செய்துவிடுகிறது. எங்கள் அக்காவின் கையிலும் பின்னர் இதைத்தான் கண்டோம்.

இன்றைய ஏற்பாட்டைச் சொல்கிறேன். இரவில் நெடுஞ்சாலையில் போகும்போது நம் வண்டியின் விளக்கு பட்டதும் வழிகாட்டிப் பலகை பளிச்சிடுகிறது அல்லவா? வந்த ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் பூச்சு அதில் இருக்கிறது. அதே பூச்சுடைய சிறு மணிகளைக் கணுக்களின் மேல் ஒட்டுவார்கள். நடையை ஆராய்வதற்குக் காலில் ஒட்டும் மணி கோலிக்குண்டு அளவு இருக்கும். விரலுக்கு அது ஆகாது. 3 முதல் 6 மில்லிமீட்டர் வரை விட்டமுள்ள, மிளகைப் போன்ற மணிகள் வேண்டும். சுற்றிலும் ஆறோ எட்டோ காமிராக்கள். ஒவ்வொன்றின் கண்ணாடியைச் சுற்றியும் அகச்சிவப்பு ஒளி வீசும் விளக்குகள். காமிராவுக்குக் கை தெரியாது. இருட்டில் மின்மினிகளைப் போல ஒளிப்புள்ளிகள் மட்டுமே தெரியும். நொடிக்கு நூறு முறையும் அதற்கு மேலும் அந்தப் புள்ளிகளைப் பதிவு செய்கிறது.

ஒரு காமிராவுக்குப் புள்ளி எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியும். எவ்வளவு தூரத்தில் என்று தெரியாது. இரண்டு காமிராக்களின் பார்வைக் கோடுகள் எங்கே வெட்டிக்கொள்கின்றனவோ, அங்கேதான் புள்ளி. நம் இரு கண்களும் சேர்ந்து ஊசித்துளையை மதிப்பிடுவதும் ஏறத்தாழ இப்படித்தான். மூன்று புள்ளிகளின் இடம் தெரிந்துவிட்டால் கோணம் கிடைத்துவிடும். அடிக்கணு மணியிலிருந்து நடுக்கணு மணிக்கு 40 மில்லிமீட்டர், அங்கிருந்து நுனிக்கணு மணிக்கு 25 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விரல் நேராக இருந்தால் முதல் மணிக்கும் கடைசி மணிக்கும் இடையே 65 மில்லிமீட்டர். நடுக்கணு 60 பாகை மடங்கினால் அது ஏறத்தாழ 57 ஆகக் குறையும். 90 பாகை மடங்கினால் 47. பள்ளியில் முக்கோணக் கணக்குப் போட்ட மாணவர்கள் இதைத் தாளில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இங்கேதான் விரலின் சிறுமை நம்மைச் சோதிக்கிறது. காலில் 400 மில்லிமீட்டர் நீளமுள்ள எலும்பின் ஒரு முனையில் மணி 1 மில்லிமீட்டர் தள்ளி ஒட்டப்பட்டால், கோணத்தில் பிழை ஒரு பாகையில் ஏழில் ஒரு பங்கு. கவலைப்பட வேண்டியதில்லை. விரலில் 25 மில்லிமீட்டர் துண்டின் முனையில் அதே 1 மில்லிமீட்டர் தவறினால், பிழை 2 பாகைக்கு மேல். 2 மில்லிமீட்டர் தவறினால் நாலரைப் பாகை. கோணமானியின் பிழையைத் தீர்க்க இலட்சக்கணக்கான வெள்ளி கொட்டிக் கூடம் அமைத்துவிட்டு, ஒட்டும் கை கொஞ்சம் நடுங்கியதால் அதே பிழைக்குத் திரும்பி வரலாம்!

மணி கையோடு நிற்பதும் இல்லை. ஒரு பேனாவால் உங்கள் நடுக்கணுவின் முதுகில் ஒரு புள்ளி வைத்துக் கையை மூடிப் பாருங்கள். சுருக்கங்கள் விரிந்து தோல் இழுபடுகிறது. புள்ளி எலும்பின் மீது வழுக்கிச் செல்கிறது. நாம் அறிய விரும்புவது எலும்பின் கோணம். காமிராவுக்குக் கிடைப்பது தோலின் கோணம். எக்ஸ்ரே எலும்பையே காட்டும்தான். ஆனால் பயிற்சி வாரந்தோறும் ஒருவரைக் கதிரில் நிறுத்தி வைக்க முடியுமா?

கையை முஷ்டியாக மூடும்போது நுனி மணிகள் உள்ளே மறைந்துவிடுவது இன்னொரு தொல்லை. புள்ளி மறைந்த இடத்தில் கணினி முன்னும் பின்னும் உள்ள இடங்களைப் பார்த்து ஒரு வளைவு போட்டு இட்டு நிரப்பும். திரையில் பார்ப்பதற்கு அழகாக இருக்கும். ஆனால் அது அளந்தது அன்று, ஊகித்தது. ஐந்து விரலிலும் இருபதுக்கு மேற்பட்ட மணிகள் நெருக்கமாக இருக்கையில், கணினி ஒன்றை மற்றொன்றாகப் பெயர் மாற்றிவிடுவதும் உண்டு. அப்போது திரையில் மோதிர விரல் பாதியில் முறிந்து சுண்டுவிரலாக முளைக்கும். நள்ளிரவில் தனியே உட்கார்ந்து அதைத் திருத்திக்கொண்டிருந்தால் சிரிப்பு வராது.

நான் செய்த பெருந்தவறு வேறு. கணுக்களின் முதுகு சமமாக இல்லை, புடைத்திருக்கும். ஆகவே விரல் நன்றாக நேராக இருந்தாலும் மூன்று மணிகளும் ஒரே கோட்டில் நிற்பதில்லை. சில பாகைகள் மடங்கியதாகவே கணக்கு வரும். இதைத் தவிர்க்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். முதலில் கையை மேசைமீது தட்டையாக வைக்கச் சொல்லிப் பதிவு செய்து, அதையே சுழியம் என்று கொள்வார்கள். பிறகு வரும் கோணங்களை அதிலிருந்து கணக்கிடுவார்கள். நலமுள்ள கைக்கு இது நல்ல ஏற்பாடு.

அந்த ஆய்வுக்கு அக்கா தாமாகவே முன்வந்தார். மணிகளை ஒட்டினேன். "கையத் தட்டையா வைங்க அக்கா" என்றேன். வைத்தார். பதிவு செய்தேன். முடிவில் கணினி சொன்னது: நடுக்கணு சுழியத்திலிருந்து 58 பாகை வரை மடங்குகிறது, நிமிர்வதில் குறை ஏதும் இல்லை. எனக்கு மகிழ்ச்சி. நிமிர்வதற்காக இரவில் கட்டிக்கொண்டு படுக்கும் பலகைக்கட்டு இனித் தேவையில்லை என்று எழுதும் அளவுக்குப் போய்விட்டேன். ஏதோ ஓர் ஐயத்தில், சட்டைப்பையிலிருந்த பழைய கோணமானியை எடுத்து வைத்துப் பார்த்தேன். நீட்டிய நிலையில் 12 பாகை. மடக்கிய நிலையில் 70.

அவர் கையைத் தட்டையாக வைக்கவே முடியாதவர். வைத்ததாக நினைத்த நிலையில் அந்தக் கணு 12 பாகை மடங்கியிருந்தது. அந்த வளைவைத்தான் நான் சுழியம் என்று கணினிக்குச் சொல்லிக்கொடுத்தேன். அது சொன்னதைச் சொல்லிற்று. எந்தக் குறையை அறிய வந்தோமோ அந்தக் குறையையே அளவுகோலின் தொடக்கமாக வைத்துவிட்டேன். அந்தத் தாளோடு அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தால், கட்டை விட்டிருப்பார். வளைவு நாளடைவில் இறுகியிருக்கும். அன்றிலிருந்து, கையைத் தட்டையாக வைக்க முடியாதவர்களுக்குச் சுழியத்தைக் கோணமானியால் தனியே அளந்து கணினிக்குக் கொடுப்பது என் வழக்கமாயிற்று.

அப்படியானால் காமிராக்களால் என்ன பயன் என்று கேட்பீர்கள். பயன் உண்டு. கோணமானி நின்றுகொண்டிருக்கும் விரலைத்தான் அளக்கும். விரல் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்று அதற்குத் தெரியாது. அக்கா கையை மூடும்போது நடுக்கணுவின் கோடு திரையில் சீராக ஏறி, 40 பாகை அருகே கணநேரம் நின்று, பிறகு விருட்டென்று ஏறியது. ஒரு முறையன்று, பத்து முறையும் அதே இடத்தில். கண்ணால் பார்த்தபோது எங்களில் ஒருவருக்கும் அது பிடிபடவில்லை. நுனிக்கணு எப்போது புறப்படுகிறது, மோதிர விரல் எவ்வளவு முந்திக்கொண்டு மடங்கி நடுவிரலை இழுத்துச் செல்கிறது என்பதெல்லாம் கோடுகளில் தெரிந்தன. மற்றவர் மடக்கிவிட்டால் விரல் மேலும் மடங்குகிறது, தானாக மடங்க மாட்டேன் என்கிறது என்றால், மூட்டு நன்றாக இருக்கிறது, நாண்தான் எங்கோ ஒட்டியிருக்கிறது என்று பொருள். தயங்கி நிற்கும் அந்த இடம் தெரிந்ததால், அந்தப் பாகைகளைக் குறிவைத்துப் பயிற்சியை மாற்றினோம்.

இப்போது கைத்தொலைபேசியின் ஒரே காமிராவைக் கொண்டு கையில் 21 புள்ளிகளைக் கணினியே கண்டுபிடிக்கும் நிரல்கள் வந்துவிட்டன. 2019இல் கூகுள் வெளியிட்ட ஒன்று இலவசமாகவே கிடைக்கிறது. மணி ஒட்ட வேண்டியதில்லை. வீட்டிலிருந்தே நோயாளி படம் எடுத்து அனுப்பலாம். மருத்துவமனைக்கு இரண்டு பேருந்து மாறி வருபவர்களுக்கு இது பெரிய உதவி. ஆயினும் ஓர் அச்சம் எனக்கு உண்டு. எண்ணற்ற கைப் படங்களைப் பார்த்து, கை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று கற்றுக்கொண்ட நிரல் அது. மறைந்த விரல் எங்கே இருக்கும் என்று அந்தக் கல்வியைக் கொண்டு ஊகிக்கிறது. ஊகத்தில் அது வரைவது நலமான விரலாக இருந்துவிட்டால்? காயப்பட்ட விரல்களில் கோணமானியோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் அதன் எண்ணை நான் அட்டையில் ஏற்ற மாட்டேன். 1987 அளவில் ஒளியிழை பதித்த கையுறைகள் வந்தபோதும் இதே ஆரவாரம் இருந்தது. கட்டுப்போட்ட, வீங்கிய கையில் கையுறை எப்படி நுழையும் என்று கேட்டவர்கள் குறைவு.

வீட்டில் இப்படி அடிபட்டவர் யாரேனும் இருந்தால், ஒரு பள்ளிக்கூட அடிக்கோலே போதும். மருத்துவர் விரலை அசைக்க இசைவு தந்த பிறகு, மணிக்கட்டை நேராக வைத்து, விரலை இயன்ற வரையில் தானாக மடக்கச் சொல்லி, விரல்நுனிச் சதைக்கும் உள்ளங்கை ரேகைக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து நாட்காட்டியில் எழுதுங்கள். ஒரே ஆள், ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். காலையில் விரல் விறைத்திருக்கும்; மாலை அளவோடு அதைச் சேர்த்துப் பார்க்கலாகாது. ஒருநாள் கூடியது, ஒருநாள் குறைந்தது என்று மனம் கலங்க வேண்டாம். இரண்டு மூன்று வாரத்து எண்கள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்று பாருங்கள். அக்காவிடம் அந்த முதல் மாதத்தில் இதை நான் சொல்லியிருக்க வேண்டும்.

அன்றாட வேலைகளுக்கு விரல் எவ்வளவு மடங்கினால் போதும் என்று 1990இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பதினொரு வேலைகளை வைத்து அளந்தார்கள். சராசரியாக அடிக்கணுவுக்கு 61 பாகை, நடுக்கணுவுக்கு 60, நுனிக்கணுவுக்கு 39. அக்காவின் நடுக்கணு அந்த எல்லையைத் தாண்டியிருந்தது. நுனிக்கணு 35இல் நின்றது. தையற்காரர் கத்தரியின் பெரிய வளையத்தில் நடுவிரலும் மோதிர விரலும் சேர்ந்து நுழைய வேண்டும். ஆய்வுக்கூட மேசையில் ஒரு துணியையும் அவருடைய கத்தரியையும் கொடுத்து வெட்டச் சொன்னோம். எட்டுக் காமிராக்களும் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தன. அவர் நடுவிரலை வளையத்துக்கு வெளியே விட்டுவிட்டு, மோதிர விரலையும் சுண்டுவிரலையும் கொண்டு வெட்டினார். வெட்டுக்கோடு நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது. இதை அறிந்துகொள்ளக் காமிரா வேண்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தாலே போதும்.

"எப்பலேர்ந்து இப்படி வெட்டுறீங்க அக்கா?" என்று கேட்டேன்.

"கட்டுப் பிரிச்ச மறுநாள்லேர்ந்து. நீங்கதான் கேக்கவே இல்லையே தம்பி" என்றார்.

அடுத்த முறை வந்தபோது கத்தரியின் வளையத்தில் பழைய சேலைக் கரையைக் கிழித்துச் சுற்றியிருந்தார். வளையம் தடித்ததால் நுனிக்கணு அவ்வளவாக மடங்காமலேயே நடுவிரல் உள்ளே பிடித்து நின்றது. நானும் அளந்து பார்த்தேன்; அந்தப் பிடிக்கு 30 பாகை போதுமானதாக இருந்தது.